சமூகவியல் படிச்சிட்டு செய்தி ரிசேர்ச் வேலைக்குப் போகேலுமோ?

புதுக்குடியிருப்பில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா: யாழ்ப்பாணக் கம்பஸில சமூகவியல் ஸ்பெஷல் முடிச்சிட்டன், பெண் தலைமைத்துவக் குடும்பங்களும் நுண்கடனும் எண்டு 40 பேரை இன்ரர்வியூ எடுத்து ஆய்வு செய்தனான், அரசாங்கத்தின்ர பட்டதாரி நியமனம் இப்ப வரும் அப்ப வரும் எண்டு வீட்டில இருக்கிறன், மைக் தூக்கிக்கொண்டு ஓட விருப்பமில்ல, ஆனா செய்திக்குப் பின்னால நிண்டு தேடிக் குடுக்கிற வேலை பிடிக்கும், அதுக்கு இன்னொரு ஜேர்னலிசம் டிப்ளோமா செய்யோணுமோ எண்டு.

தேவையில்ல தங்கச்சி. காசும் நேரமும் இருந்தா செய்யுங்கோ, ஆனா உங்களிட்ட இல்லாதது சேர்டிபிகேட் இல்ல, எடிட்டருக்கு எடுத்துக் காட்டுறதுக்கு ஒரு வேலை.

இந்த வேலை என்னெண்டா ரிப்போட்டர் எழுதினதில இருக்கிற பேர், திகதி, நம்பர் எல்லாம் சரியோ எண்டு பாக்கிறது, பழைய பேப்பர் கிளறுறது, ஆரோட கதைக்கலாம் எண்டு ஆக்களைப் பிடிச்சுக் குடுக்கிறது. உதாரணத்துக்கு ஒராள் "1981க்கும் 2012க்கும் இடையில கிளிநொச்சி மாவட்ட சனத்தொகை இவ்வளவால கூடியிருக்கு" எண்டு எழுதிக் கொண்டு வாறார் எண்டு வையுங்கோ. 1981 கணக்கெடுப்பு நடக்கேக்க கிளிநொச்சி எண்டு தனி மாவட்டமே இல்ல, யாழ்ப்பாணத்தில இருந்து பிரிச்சது 1984ல. அப்ப அந்த 1981 நம்பர் எங்கயிருந்து வந்தது, எந்தெந்தப் பிரிவைக் கூட்டி எடுத்தவை? நடுவில 2001ல எடுத்த கணக்கு கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் நடக்கவேயில்ல, அதால இடைவெளியே 31 வருசம். இதைக் கேக்கிறதுக்குத்தான் உங்களை வேலைக்கு எடுக்கிறது. ஆர் எண்ணினது, எதை எண்ணினது, ஆர் விடுபட்டுப் போச்சினம் எண்டு கேட்கக் கம்பஸில நாலு வருசம் பழக்கியிருக்கினம், கன ரிப்போட்டர்மாருக்கு அந்தப் பழக்கம் இல்ல.

எங்கட பக்கம் இன்னொண்டும் இருக்கு. மீள்குடியேறின குடும்பம் இவ்வளவு எண்டு டீ.எஸ் ஒபிசில, அதான் பிரதேச செயலகத்தில, ஒரு நம்பர் தருவினம், அது பதிவு. பதிவு இஞ்ச இருக்கும், ஆள் பிள்ளையளின்ர படிப்புக்கெண்டு வவுனியாவில வாடகைக்கு இருக்கும். விதானையாரிட்ட, அதான் கிராம சேவகரிட்ட, போய் "பதிவு எத்தினை, இப்ப இருக்கிற ஆக்கள் எத்தினை" எண்டு ரெண்டாக் கேளுங்கோ, செய்தியே மாறிப் போகும்.

இப்ப உங்கட ஆய்வு. அதை அப்பிடியே பிடிஎஃப்பா அனுப்பாதேங்கோ, தியரி அத்தியாயத்தோடயே மூடிப்போடுவினம். ரெண்டு பக்கத்தில ஒரு பின்னணிக் குறிப்பா எழுதுங்கோ: குழுக்கடன் எப்பிடி நடக்குது, ஒராள் கட்டாட்டி மற்ற ஆக்களுக்கு என்ன நடக்கும், ஒரு லோனைக் கட்ட இன்னொரு லோன் எடுக்கிறது எங்க துவங்குது, இப்ப நடைமுறையில இருக்கிற நுண்நிதிச் சட்டம் ஆரைக் கட்டுப்படுத்துது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில அது எங்கயிருந்து வந்தது எண்டு போடுங்கோ. 40 பேரை வைச்சு "வன்னியில 70 வீதமான பெண்கள்" எண்டு மட்டும் எழுதிப்போடாதேங்கோ, அது நீங்கள் தெரிஞ்செடுத்த 40 பேர், வன்னி இல்ல. ஆக்களின்ர பேரை மாத்தினாலும் காணாது, ஊரையும் போட்டு மூண்டு பிள்ளையள், தையல் கடை, புருசன் காணாமல் போனவர் எண்டும் எழுதினா அந்த ஒழுங்கையில இருக்கிற எல்லாருக்கும் ஆரெண்டு விளங்கும், லோன்காரருக்கும் விளங்கும்.

அதோட தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில ஒரு விண்ணப்பம் போட்டுப் பாருங்கோ. 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கச் சட்டம், 2017 பெப்ரவரியில நடைமுறைக்கு வந்தது, தமிழில எழுதலாம், ஏன் கேக்கிறீங்கள் எண்டு சொல்லத் தேவையில்ல, தாறமோ இல்லையோ எண்டு 14 வேலை நாளுக்குள்ள சொல்லோணும். கேள்வியைச் சின்னனாக் கேளுங்கோ, "நுண்கடன் பற்றிய சகல விபரங்களும்" எண்டு கேட்டா ஒண்டும் வராது. இந்தப் பிரதேச செயலகத்துக்கு இந்த வருசம் நுண்கடன் சம்பந்தமா எழுத்தில வந்த முறைப்பாடு எத்தினை எண்டு கேட்டா பதில் வர இடமிருக்கு. பழைய பேப்பருக்கு நூலகம் நிறுவனத்தின்ர இணைய நூலகம் இருக்கு, வீட்டில இருந்தே பாக்கலாம். எக்ஸல் தெரியாட்டி அதையும் பழகுங்கோ.

வேலை எங்க எண்டா, உண்மையைச் சொன்னா தமிழ்ப் பேப்பருகளில "செய்தி ஆய்வாளர்" எண்டு தனிக் கதிரை தேடினா கிடைக்கிறது கஷ்டம், உதவி ஆசிரியர்தான் எல்லாம் செய்யிறது. அதால பேரைப் பாக்காமல் வேலையைப் பாருங்கோ: உண்மை சரிபார்ப்பு, ரிசேர்ச் அசிஸ்டன்ட், ஆவணப்படுத்தல். வெரிட்டே ரிசேர்ச் எண்ட கொழும்பு ஆய்வு நிறுவனத்தின்ர ஃபக்ட்செக் மாதிரி தமிழிலயும் செய்யிற இடங்கள் இருக்கு, கொழும்பில இருந்து வாற ரீமுகளுக்கும் வன்னியில இடம் தெரிஞ்ச, ஆக்களோட பக்குவமாக் கதைக்கத் தெரிஞ்ச ஆள் தேவை. சம்பளம் துவக்கத்தில பெரிசா இராது, நியமனம் வந்தா எதை விடுறது எண்டு வீட்டிலயும் இப்பவே கதைச்சு வையுங்கோ.

அந்த ரெண்டு பக்கத்தையும் சிவியோட சேர்த்து அனுப்புங்கோ. பதில் வராட்டி ரெண்டு கிழமை கழிச்சு ஒரு கோல் எடுங்கோ, எடிட்டர்மார் மெயில் பாக்கிறது குறைவு.