ஐஸ் ஹவுஸ் எப்படி விவேகானந்தர் இல்லமானது?

மெரினா எதிரே இருக்கும் விவேகானந்தர் இல்லத்தை ஏன் ஐஸ் ஹவுஸ் என்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். உண்மையிலேயே அது ஐஸ் கிடங்குதான். 1842-இல் டியூடர் என்ற அமெரிக்க ஐஸ் வியாபாரக் கம்பெனி கட்டியது. அமெரிக்க ஏரிகளில் அறுத்த பனிக்கட்டிகளை மரத்தூளில் பொதிந்து, மாதக்கணக்கில் கப்பலில் கொண்டுவந்து இங்கே அடுக்கினார்கள். நினைத்தாலே ஆச்சரியமாக இருக்கிறது! உள்ளூரிலேயே ஐஸ் தயாரிக்க வழி வந்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது.

அப்புறம் வக்கீல் பிலிகிரி ஐயங்கார் வாங்கி, வராந்தாவும் ஜன்னல்களும் வைத்து வீடாக்கினார். 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் ஒன்பது நாள் தங்கியது இந்த வீட்டில்தான். பின்னாளில் அரசு வாங்கியது. 1963-இல் விவேகானந்தர் இல்லம் என்று பெயர் மாறியது. இன்று ராமகிருஷ்ண மடம் கண்காட்சி நடத்துகிறது. விவேகானந்தர் தங்கிய அறை இப்போது தியான அறை. போனால் அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.