பி.எட். படிப்பவருக்குக் கட்டமைப்புவாதம் தேர்வுக்கு மட்டும்தானா?

பி.எட். முதலாண்டில் கட்டமைப்புவாதம் என்று பியாஜே, வைகாட்ஸ்கி, புரூனர் ஆகிய உளவியலாளர்களை மனப்பாடம் செய்கிறோம், டெட் என்னும் ஆசிரியர் தகுதித் தேர்வைத் தாண்டி வகுப்பில் இதற்கு ஏதாவது பயன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். டெட்டில் குழந்தை மேம்பாட்டுப் பகுதிக்கு 30 மதிப்பெண், அதை வாங்க ஒரு கைடு போதும். வகுப்பில் இது எங்கே உதவுகிறது என்பதைக் கணக்குப் பாடம் எடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தை ஓரமாக வைத்துவிடுவோம். கற்பித்தல் பயிற்சிக்கு வருபவர்களில் பலர் கட்டமைப்புவாதம் என்றால் சார்ட், தெர்மோகோல், வட்டமாக உட்காரும் குழு என்று நினைக்கிறார்கள். ஆனால் அது, பிள்ளை எப்படிக் கற்கிறது என்பதைப் பற்றிய கோட்பாடு. தனக்கு ஏற்கெனவே தெரிந்ததை வைத்துத்தான் பிள்ளை புதியதைப் புரிந்துகொள்கிறது. கைகட்டிக் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதும் உள்ளே அதுதான் நடக்கிறது. (இந்தக் கோட்பாட்டையே நோட்ஸ் சொல்லி எழுதவைத்து நடத்துகிறார்கள் என்பது தனிக்கதை.)

இதை ஒப்புக்கொண்டால் விடைத்தாள் திருத்துவதே மாறிவிடும். 52-லிருந்து 38-ஐக் கழிக்கச் சொன்னால் 26 என்று எழுதும் பிள்ளைகள் எல்லா ஊரிலும் உண்டு. கவனக்குறைவு என்று சிவப்பு மையில் சுழித்துவிட்டுப் போகலாம். ஆனால் பாருங்கள், 8-லிருந்து 2 போனால் 6, 5-லிருந்து 3 போனால் 2. எந்த இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறான். ‘பெரிசுலேர்ந்துதான் சின்னதைக் கழிக்கணும்’ என்று சின்ன வகுப்பில் நாம் சொன்ன விதியைத்தான் பின்பற்றியிருக்கிறான். அவனுக்குக் கடன் வாங்கிக் கழித்தலை இன்னும் பத்து தடவை போட்டுக் காட்டுவதைவிட, 52 ரூபாயைப் பத்து ரூபாய் நோட்டாகவும் ஒரு ரூபாய்க் காசாகவும் கையில் கொடுத்து 38 ரூபாய் கேட்பது நல்லது. ஒரு பத்தை மாற்றாமல் எட்டு ரூபாய் தர முடியாது என்பது அவனுக்கே தெரிந்துவிடும்.

தசமம் இன்னும் சுவாரசியம். 0.35, 0.4 இரண்டில் எது பெரியது என்றால் 0.35 என்பார்கள் பலர். 35 நாலைவிடப் பெரியதுதானே? நாமும் ‘புள்ளி முப்பத்தைந்து’ என்று வாசித்து அதற்குத் தண்ணீர் ஊற்றுகிறோம். நிறைய இலக்கம் இருந்தால் பெரிய எண் என்பது முழு எண்களில் ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை. இதே பிள்ளையிடம் 0.3, 0.42 கொடுத்தால் 0.42 என்று சரியாகச் சொல்வான், அதே தப்பான விதியை வைத்து! இன்னொருத்தி பத்தில் ஒரு பங்கைவிட நூறில் ஒரு பங்கு சின்னது, அதனால் இலக்கம் கூடினால் எண் சின்னது என்று வைத்திருப்பாள். அவளுக்கு முதல் கணக்கு சரி, இரண்டாவது தப்பு. தேர்வில் இரண்டில் ஒன்றை மட்டும் கேட்டால் இருவரில் ஒருவர் புரிந்தவராகத் தெரிவார். என்னைக் கேட்டால், சரியான விடையையும் உடனே நம்பிவிடாதீர்கள், ‘எப்படிச் சொல்றே?’ என்று கேளுங்கள். கிராஃப் தாளில் பத்துக்குப் பத்து கட்டம் போட்டு, 35 கட்டத்தையும் நாலு முழு வரிசையையும் வண்ணமடிக்கச் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

அப்படியானால் எல்லாவற்றையும் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிடலாமா? கூடாது. வழிகாட்டல் குறைந்த கற்பித்தல் புதிதாகக் கற்பவர்களுக்கு வேலை செய்வதில்லை என்று கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் என்ற கல்வி ஆய்வாளர்கள் மூவரும் 2006-இல் எழுதிய கட்டுரையை அவசியம் படியுங்கள். மனதில் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளக்கூடியது கொஞ்சம்தான், அதைத் தேடுவதிலேயே செலவழித்தால் கற்க இடமிருக்காது என்பது அவர்கள் வாதம். எனக்கு அது சரியாகவே படுகிறது. கூட்டல் குறி எப்படியிருக்கும், ‘ழ’வை எப்படி உச்சரிப்பது என்பதையெல்லாம் யாரும் யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது, சொல்லித்தான் கொடுக்க வேண்டும். உதவி செய்து மெல்ல விலகுவது பற்றி உட், புரூனர், ராஸ் 1976-இல் எழுதியதும், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க 3 முதல் 5 வயதுப் பிள்ளைகள் மரத்துண்டுகளை அடுக்கியதைப் பார்த்துத்தான்.

ஐம்பது பேர் இருக்கும் வகுப்பில் ஒவ்வொருவர் மனதையும் படிப்பது நடக்காது, சரி. ஆனால் தப்பு விதிகள் ஐம்பது வகை இருக்காது. பாடத்துக்கு மூன்று நான்குதான் திரும்பத் திரும்ப வரும். கற்பித்தல் பயிற்சிக்குப் போகும் பள்ளியில் அனுமதி கேட்டு ஒரு வகுப்பின் திருத்திய கணக்கு நோட்டுகளை வாங்குங்கள். சரியானதை விட்டுவிட்டு, தப்பை மட்டும் தனித்தாளில் எழுதி, எந்த விதியைப் பின்பற்றினால் இந்த விடை வரும் என்று பக்கத்தில் குறியுங்கள். அப்புறம் அந்தத் தாளை வைத்துக்கொண்டு பாடக்குறிப்பு எழுத உட்காருங்கள்.