கட்டியில் டிஎன்ஏ பழுது நீக்கும் புரதம் 'இல்லை' என்று ரிப்போர்ட் வந்தால் பயப்பட வேண்டுமா?

கேள்வி கேட்டவரின் அப்பாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய், இரண்டாம் நிலை. அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. சதைப் பரிசோதனை ரிப்போர்ட்டில் எம்எல்எச்1, பிஎம்எஸ்2 என்ற பழுது நீக்கும் புரதங்கள் இரண்டும் 'இல்லை' என்று இருக்கிறதாம். பழுது பார்க்க ஆளே இல்லையென்றால் நோய் முற்றிவிடாதா என்கிறார்.

நான் மருத்துவர் இல்லை. சென்னையில் ஒரு ஆய்வகத்தில் பதினோரு வருடமாக ஸ்லைடு தயாரிக்கிறேன். போன சித்திரையில் ராயபுரத்திலிருந்து வந்த ஓர் அக்கா இதே ரிப்போர்ட்டை நீட்டி, "தம்பி, நல்லதா கெட்டதா, ஒரே வார்த்தையில் சொல்" என்றார். ஒரே வார்த்தையில் சொல்ல முடியாததால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

கட்டியை மெழுகில் பதித்து, ஐஸில் குளிரவைத்து (நம் ஊர் வெக்கையில் இல்லாவிட்டால் சீவவே வராது), சில மைக்ரான் கனத்தில் சீவுகிறோம். அந்தச் சீவல் வெந்நீர்த் தொட்டியில் வெங்காயத் தோல்போல மிதக்கும். ஸ்லைடில் ஏந்திச் சாயமேற்றுகிறோம். புரதம் இருந்தால் செல்லின் உட்கரு பழுப்பாகும், இல்லாவிட்டால் நீலமாகவே நிற்கும். நான் முதலில் பார்ப்பது கட்டியை அல்ல, அதன் நடுவே சிதறிக் கிடக்கும் வெள்ளணுக்களை. அவை நோயில்லாத செல்கள், பழுப்பாகியே தீர வேண்டும். அவை பழுப்பு, கட்டி மட்டும் நீலம் என்றால்தான் 'இல்லை' என்பது உண்மை. ஒருமுறை வெளியிலிருந்து வந்த சதையை நேரத்தோடு ஃபார்மலினில் போடாமல் விட்டிருந்தார்கள். வெள்ளணுவும் வெளுத்துப்போயிருந்தது. அதை வைத்து எதையும் சொல்ல முடியாது.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். செல் பிரியும்போது டிஎன்ஏ பிரதியில் விழும் எழுத்துப் பிழைகளைத் திருத்துவது இந்தப் புரதங்களின் வேலை. எம்எல்எச்1 போனால் அதன் ஜோடியான பிஎம்எஸ்2 தனியாக நிலைக்காது; அதனால்தான் இரண்டு 'இல்லை'. திருத்த ஆளில்லாத கட்டியில் பிழை குவிகிறது, விகாரமான புரதங்கள் உருவாகின்றன, உடலின் எதிர்ப்புச் செல்கள் அதை அந்நியன் என்று கண்டுகொள்கின்றன. ஆகவே இரண்டாம் நிலைப் பெருங்குடல் புற்றில் இந்தக் குறை இருப்பவர்களுக்கு நோய் திரும்புவது பொதுவாகக் குறைவு. ஃப்ளோரோயூராசில் என்ற கீமோ மருந்தை மட்டும் கொடுப்பதால் அவர்களுக்குப் பெரிய பலனும் இல்லை. நோய் பரவிய நிலையில் கதை வேறு. அங்கே பெம்ப்ரோலிசுமாப் போன்ற, எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்துகள் இவர்களுக்கு நன்றாகக் கேட்கின்றன.

எல்லாப் பழுது நீக்கும் புரதத்தையும் இப்படி நம்பிவிட முடியாது. இஆர்சிசி1 என்று ஒன்று. நுரையீரல் கட்டியில் அது இல்லாதவர்களுக்கே சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து பலன் தருகிறது என்று 2006இல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. 2013இல் அந்த ஆய்வை நடத்திய குழுவினரே மறுபடி சோதித்தார்கள். அந்த முடிவு திரும்ப வரவில்லை. அந்தப் புரதத்துக்கு நான்கு வடிவங்கள், வேலை செய்வது ஒன்றுதான். சோதித்த 16 எதிர்ப்புரதங்களில் (தேடும் புரதத்தில் போய் ஒட்டிச் சாயம் பிடிக்கவைப்பவை இவைதான்) ஒன்றுகூட அதைத் தனியாகப் பிரித்துக் காட்டவில்லை. சாயம் போடுகிறவன் என்ற முறையில் எனக்கு அது இன்னும் உறுத்துகிறது. எந்த வடிவம் இருந்தாலும் பழுப்பு பழுப்பாகத்தான் தெரிந்திருக்கும்.

மருத்துவரிடம் ஒன்றை மறக்காமல் கேளுங்கள்: எம்எல்எச்1 போனது பரம்பரையாலா, வயதானபின் கட்டியில் மட்டும் அந்த மரபணு அணைந்துபோனதாலா? பிராஃப் என்ற மரபணுவின் சோதனையும், எம்எல்எச்1 மரபணு அணைந்திருக்கிறதா என்று பார்க்கும் மெத்திலேஷன் சோதனையும் அதைப் பிரித்துக் காட்ட உதவும். பரம்பரை என்றால் அது லிஞ்ச் நோய்க்குறி, குடும்பத்தில் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டுவது. நீங்களும் கூடப்பிறந்தவர்களும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது கருத்துக்கு அடையாறோ வேறெங்கோ போவதானால் காகிதத்தை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். ஸ்லைடையும் மெழுகு பிளாக்கையும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மே மாத வெயிலில் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் மட்டும் பிளாக்கை வைத்துவிடாதீர்கள், மெழுகு இளகிவிடும்.