ஈரலுக்குத்தான் பத்தியம், தராசுக்கு இல்ல

போன தடவை எடை குறைப்பு ஆபரேஷன் பத்தி ஒரே ஒரு கேள்விக்கு பதில் போட்டேன், அதுக்கப்புறம் வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல ஆபரேஷன் பத்தியே இல்ல, அதுக்கு முன்னாடி ரெண்டு வாரம் இருக்கச் சொல்ற பத்தியத்தப் பத்திதான். எல்லாருக்கும் அதுலதான் கோவம். சரி, இந்த தடவை முழுசா அதையே பேசிடலாம்.

கேள்வி: அக்கா, எனக்கு 38 வயசு, 158 சென்டிமீட்டர் உயரம், 112 கிலோ. இரைப்பைய வெட்டி சின்னதாக்கற ஸ்லீவ் ஆபரேஷனுக்கு தேதி குடுத்துட்டாங்க, இன்னும் பதினாறு நாள் இருக்கு. அதுல கடைசி 14 நாள் சோறு, இட்லி, தோசை, சப்பாத்தி எதுவும் கூடாது, ஒரு நாளைக்கு மொத்தமே 900 கலோரிதான்னு ஒரு சீட்டு எழுதி கையில குடுத்துட்டாங்க. என்னால இப்படி இருக்க முடியும்னா நான் எதுக்குக்கா வயித்த வெட்டிக்கப் போறேன்? எங்க அத்தை வேற "ஆப்ரேசனுக்கு முன்னாடி நல்லா தின்னாத்தான கண்ணு ஒடம்பு தாங்கும்"னு தட்டுல நெய் ஊத்திட்டே இருக்காங்க. (வாசகி, திருப்பூர்)

பதில்: உங்க கோவம் நியாயமானதுதான், ஏன்னா சீட்ட குடுத்தவங்க எதுக்குன்னு சொல்லல. இந்த ரெண்டு வாரம் உங்கள இளைக்க வைக்கறதுக்கு இல்லம்மா. உங்க மன உறுதிய சோதிக்கற பரீட்சையும் இல்ல. இது உங்க ஈரலுக்கான பத்தியம்.

கறிக்கடையில ஆட்டு ஈரல் வாங்கிருப்பீங்க. நல்ல ஈரல் கருஞ்சிவப்பா, ஓரம் கூர்மையா, கையில எடுத்தா கெட்டியா நிக்கும். கொழுப்பு ஏறின மனுஷ ஈரல் அப்படி இருக்காது, மஞ்சள் பூத்து, ஓரமெல்லாம் உருண்டு, உப்பிப்போயி, லேசா இடிச்சாலே கிழிஞ்சு ரத்தம் கசியும். 100 கிலோவ தாண்டின நெறைய பேருக்கு ஈரல் இப்படித்தான் இருக்கு, வெளிய ஒரு வலியும் தெரியாது, ஸ்கேன்ல 'ஃபேட்டி லிவர்'னு வரும், நாமளும் அது எல்லாருக்கும் இருக்கறதுதானன்னு ஃபைல மூடி வச்சிருவோம்.

பிரச்சனை என்னன்னா இந்த ஈரலோட இடது பாகம் இரைப்பைக்கு மேல போர்வை மாதிரி படுத்திருக்கு. உங்களுக்கு வயித்தக் கிழிச்சு பண்ணப் போறதில்ல, நாலஞ்சு சின்ன ஓட்டை போட்டு, ஒண்ணுல கேமராவ விட்டு, நெஞ்செலும்புக்கு கீழ ஒரு வளைஞ்ச கம்பிய நுழைச்சு அந்த ஈரல அப்படியே மேல தூக்கிப் பிடிச்சுட்டுதான் இரைப்பையில முக்கால் பாகத்த ஸ்டேப்ளர் போட்டு வெட்டி எடுப்பாங்க. அதுலயும் சிரமமான இடம் மேல, மண்ணீரல் பக்கமா, உணவுக்குழாய் வந்து சேர்ற மூலை. ஈரல் பெருசா இருந்தா அந்த மூலை சரியாவே தெரியாது. தூக்கும்போது ஈரல் கிழிஞ்சா ரத்தம், ரொம்ப சிரமமா இருந்தா வயித்தத் திறந்து பண்ண வேண்டி வரும், சில சமயம் உள்ள கேமராவ விட்டு பாத்துட்டு 'இப்ப வேணாம்'னு தையல் போட்டு அனுப்பிடுவாங்க. மயக்க மருந்து வாங்கி, வயித்துல ஓட்டையும் வாங்கி, ஆபரேஷன் மட்டும் ஆகாம வீட்டுக்கு வர்றதுன்னா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

இந்த ஈரல் எப்படி ரெண்டே வாரத்துல சுருங்கும்னா, நாம சாப்பிடற சோறு, இட்லியில இருந்து வர்ற சர்க்கரைய அது கிளைக்கோஜன்னு சேத்து வச்சுக்கும், ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் கூட ஒரு 3 கிராம் தண்ணியப் பிடிச்சு வச்சிருக்கும். மாவுச்சத்து உள்ள போறத நிறுத்தினா மொதல்ல அந்த சேமிப்பு கரையுது, தண்ணியும் போகுது, அப்புறம்தான் ஈரல்ல இருக்கற கொழுப்பு எரிய ஆரம்பிக்குது. அதனாலதான் மொத நாலஞ்சு நாள்ல தராசு சட்டுன்னு எறங்கும், அத பாத்து ஆடவும் வேணாம், ஏழாவது நாள் நின்னுபோச்சேன்னு அழவும் வேணாம்.

'முடியும்னா எதுக்கு ஆபரேஷன்'னு கேட்டீங்கல்ல, ரெண்டு வாரம் யாராலயும் முடியும், ரெண்டு வருஷம்தான் முடியாது, பசியத் தூண்டற ஹார்மோன் விடாது. அந்த ரெண்டு வருஷத்துக்குத்தான் ஆபரேஷன்.

அத்தைக்கு பதில்: தெம்பு புரோட்டீன்ல இருந்து வரும், நெய்யில இருந்து வராது. ஆபரேஷனுக்கப்புறம் புண்ணு ஆற அதுதான் வேணும். ஒரு நாளைக்கு 60லேர்ந்து 80 கிராம் புரோட்டீன் போயே ஆகணும், இதுல மட்டும் கஞ்சத்தனம் பண்ணக்கூடாது. (கிட்னி பிரச்சனை இருக்கறவங்களுக்கு கணக்கு வேற, அவங்க டாக்டர் சொன்னதுதான்.) உங்க சீட்டுல அளவு எழுதிருந்தா அதையே பண்ணுங்க, நான் ஒரு மாதிரிக்கு சொல்றேன். காலையில ஒரு முழு முட்டையும் மூணு வெள்ளைக்கருவும் வெங்காயம், பச்சமிளகாய் போட்டு ஆம்லெட், அதுலயே 17 கிராம் வந்துரும். பதினொரு மணிக்கு உப்பு போட்ட நீர் மோர். மத்தியானம் தேங்கா அரைக்காத மீன் குழம்புல ரெண்டு துண்டு மீன், கூட புடலங்காயோ சுரைக்காயோ முட்டகோஸோ ஒரு பெரிய கிண்ணம். சாயங்காலம் தண்ணியில கலக்கின புரோட்டீன் பவுடர் ஒரு ஸ்கூப். ராத்திரி மிளகு தட்டிப் போட்ட கோழி சூப், துண்டோட. பருப்பு போடாத ரசம் எத்தன டம்ளர் வேணும்னாலும் குடிங்க.

எண்ணெய்தான் எல்லாத்தையும் கெடுக்கும். நம்ம வீட்ல யாரும் அளந்து ஊத்த மாட்டோம், பாட்டில சாய்ப்போம், கண்ணு சொல்லும் போதும்னு. அப்படி சாய்ச்சதுல மூணு டேபிள்ஸ்பூன் போயிருந்தா அங்கயே 360 கலோரி போச்சு, உங்க நாளோட கோட்டாவுல பாதிக்கு கொஞ்சம் கம்மி. டீஸ்பூன் ஒண்ண எண்ணெய் பாட்டில் கழுத்துலயே நூல் போட்டு கட்டி வைங்க, நான் சும்மா சொல்லல, பண்ணுங்க.

ரெண்டாவது நாள்லேர்ந்து நாலாவது நாள் வரைக்கும் தலை வலிக்கும், வாய் நாறும், யார பாத்தாலும் எரிச்சல் வரும், புருஷன்கிட்ட முன்கூட்டியே சொல்லி வச்சுருங்க. தண்ணி 2 லிட்டருக்கு குறையாம, மோர்லயும் ரசத்துலயும் உப்பு போட்டு. அஞ்சாவது நாள் பெரும்பாலும் தெளிஞ்சுரும். மலச்சிக்கல் வரும், இசப்கோல் போட்டுக்கலாமான்னு கேட்டுக்கோங்க.

அப்புறம் பத்தியம் தொடங்க இன்னும் ரெண்டு நாள் இருக்கு பாருங்க, அந்த ரெண்டு நாள் எனக்கு பயமா இருக்கு. பத்தியம் தொடங்கறதுக்கு முன்னாடி 'இனிமே எப்ப சாப்பிடப் போறோம்'னு ஒரு கடைசி விருந்து வைக்கற பழக்கம் நெறைய பேர்கிட்ட இருக்கு. அது வேணாம்மா. ஆபரேஷன் முடிஞ்சு சில மாசத்துல நீங்களும் பிரியாணி சாப்பிடுவீங்க, அளவுதான் ரெண்டு மூணு கரண்டியா இருக்கும்.

கேள்வி: மேடம், நாங்க சுத்த சைவம், முட்டையும் கிடையாது. தினமும் ரெண்டு கப் சாம்பார் குடிச்சா புரோட்டீன் கணக்கு சரியாயிடுமா? ஜிம் பக்கத்து கடையில 3 கிலோ பவுடர் டப்பா ஒண்ணு சலுகையில வாங்கி வச்சிருக்கேன், அது ஓகேவா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: சார், சாம்பார புரோட்டீன்னு நம்பறதுதான் நம்ம சைவ வீடுகளோட பெரிய கற்பனை. ஒரு கப் சாம்பார்ல நாலஞ்சு கிராம் தேறினா அதிகம், மிச்சம் புளித்தண்ணியும் காயும்தான். ரெண்டு கப்புல உங்க காலை கோட்டாவே ஆகாது.

உங்களுக்கு கைகொடுக்கறது மூணு நாலுதான். மீல் மேக்கர், காஞ்சதா 30 கிராம் எடுத்து வெந்நீர்ல போட்டு நல்லா பிழிஞ்சுட்டு செஞ்சா 15 கிராம் புரோட்டீன். பன்னீர் 100 கிராம்ல 18 கிராம் இருக்கு, ஆனா கடை பன்னீர்ல அதே அளவு கொழுப்பும் இருக்கு, அதனால ஆடை எடுத்த பால்ல எலுமிச்சம்பழம் பிழிஞ்சு வீட்லயே திரிச்சுக்கோங்க. அதே பால்ல தோய்ச்ச தயிர வெள்ளைத் துணியில கட்டி ராத்திரி பூரா தொங்க விட்டா காலையில கெட்டியா நிக்கும், வெள்ளரிக்காய தொட்டு சாப்பிட நல்லாருக்கும். சுண்டல் நல்லதுதான், ஆனா அதுல புரோட்டீன விட மூணு மடங்கு மாவுச்சத்து இருக்கு, ஒரு கைப்பிடியோட நிறுத்துங்க.

டப்பாவ திருப்பி லேபிள பாருங்க. 3 கிலோ, சலுகைன்னாலே எனக்கு சந்தேகம், 'மாஸ் கெய்னர்'னு போட்டிருந்தா அது எடை ஏத்தறதுக்கு விக்கறது, பெரும்பாலும் மாவும் சர்க்கரையும்தான். நீங்க தேடற பவுடர்ல 30 கிராம் ஸ்கூப்புக்கு 24 கிராம் புரோட்டீன் ஒட்டி வரணும், சர்க்கரை ஒண்ணு ரெண்டு கிராமுக்குள்ள இருக்கணும்.

கேள்வி: என் வீட்டுக்காரர் பத்து வருஷமா சுகர், இன்சுலினும் மாத்திரையும் எடுக்கறார். பத்தியம் தொடங்கி மூணாவது நாள் விடியக்காலையில வேர்த்து கை நடுங்குது, மெஷின்ல பாத்தா 62. சர்க்கரை தண்ணி குடுக்கலாமா, பத்தியம் கெட்டுப்போகுமேன்னு கைய பிசைஞ்சுட்டு நின்னேன். (வாசகி, திண்டுக்கல்)

பதில்: குடுங்க. யோசிக்கவே கூடாது. 70க்கு கீழ போனா மூணு டீஸ்பூன் சர்க்கரைய தண்ணியில கரைச்சு குடுத்துட்டு, 15 நிமிஷம் கழிச்சு திரும்ப பாக்கணும், ஏறலைன்னா இன்னொரு தடவை. மயங்கிட்டார்னா வாயில எதுவும் ஊத்தாதீங்க, ஆஸ்பத்திரி. இத பத்தியத்த மீறினதுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க.

ஆனா இது நடந்தே இருக்கக்கூடாது. சோத்த பாதிக்கு மேல குறைச்சுட்டு பழைய அளவு இன்சுலினயே போட்டா சுகர் எறங்கத்தான் செய்யும். பத்தியம் தொடங்கற அன்னைக்கே டோஸ குறைச்சு எழுதி வாங்கிருக்கணும், இன்னைக்கே போன் பண்ணுங்க, நீங்களா குறைக்காதீங்க, நீங்களா நிறுத்தவும் செய்யாதீங்க. கிளிமிப்ரைடு மாதிரி மாத்திரையும் இதே வேலைய பண்ணும். இன்னொண்ணு, மாத்திரை அட்டையில டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின்னு இருக்கான்னு பாருங்க. அந்த வகை மாத்திரையோட மாவுச்சத்து இல்லாம இருந்தா சிலருக்கு ரத்தத்துல அமிலம் ஏறும், அப்ப சுகர் மெஷின் நார்மலாவே காட்டி ஏமாத்தும். ஆபரேஷனுக்கு முன்னாடி குறைஞ்சது மூணு நாளாவது அத நிறுத்துவாங்க, பத்தியம் தொடங்கறப்பவே நிறுத்தச் சொல்ற டாக்டரும் உண்டு, எப்பன்னு கேட்டு வாங்குங்க. வாந்தி, வயித்துவலி, மூச்சு வாங்கறதுன்னு இருந்தா காத்திருக்கவே கூடாது. பிரஷர் மாத்திரையும் போடறார்னா எழுந்திரிக்கறப்ப தலை சுத்துதான்னு கேளுங்க, அதுக்கும் டோஸ் மாத்தணும்.

கேள்வி: அக்கா, நாலாவது நாள் ஃப்ரெண்ட் கல்யாண ரிசப்ஷன்ல பிரியாணி சாப்பிட்டுட்டேன், ஒரு பிளேட் இல்ல, ரெண்டு. டாக்டர்கிட்ட சொல்லணுமா? சொன்னா தேதிய கேன்சல் பண்ணிருவாங்களோ? (வாசகர், 27 வயசு, சென்னை)

பதில்: சொல்லு தம்பி. இன்னும் பத்து நாள் இருக்கு, அந்த ஒரு ராத்திரியில ஈரல் திரும்ப கொஞ்சம் ரொப்பிக்கிட்டிருக்கும், மறுநாள்லேர்ந்து சரியா இருந்தா மறுபடி கரையும், தண்டனை மாதிரி பட்டினி கிடக்காத. நீ சொல்லலைன்னாலும் கேமரா உள்ள போனா சர்ஜனுக்கு தெரிஞ்சுரும்.

நான் பயப்படறது நாலாவது நாள் பிரியாணிக்கு இல்ல, கடைசி ராத்திரி பரோட்டாவுக்கு. வயித்துல சாப்பாடு இருக்கறப்ப மயக்க மருந்து குடுத்தா அது மேல வந்து நுரையீரலுக்குள்ள போயிடும், உயிருக்கே ஆபத்து. அதனால கடைசி நாள் வெறும் தெளிஞ்ச திரவம்தான் குடுப்பாங்க, எத்தன மணிக்கு தண்ணிய நிறுத்தணும்னு மயக்க மருந்து டாக்டர் சொல்வார். தெளிஞ்சதுன்னா கண்ணாடி டம்ளருக்கு பின்னாடி பேப்பர வச்சா எழுத்து தெரியணும். வடிகட்டின ரசத்தண்ணி சரி, பால் காபி ஆகாது. அன்னைக்கு எதையாவது தின்னுட்டேன்னா வெக்கப்படாம ஆபரேஷன் தியேட்டர் வாசல்லயாவது சொல்லிரு, தேதி தள்ளிப்போனா போகட்டும்.

சின்னச் சின்னதா வந்த கேள்விகளுக்கு

திணை தோசை, கம்பங்கூழ் சாப்பிடலாமான்னு ஏழெட்டு பேர் கேட்டிருக்கீங்க. சிறுதானியம் நல்ல சாப்பாடு, மறுக்கல, ஆனா அதுவும் மாவுச்சத்துதான், அரிசிக்கு பெருசா குறைஞ்சது இல்ல. இந்த ரெண்டு வாரத்துக்கு அதுவும் லீவு.

இளநீர், ஏபிசி ஜூஸ் (ஆப்பிள், பீட்ரூட், கேரட் போட்டு அடிக்கறது) ரெண்டும் வேணாம். சர்க்கரை இல்லாத பால் காபி சின்ன டம்ளர்ல ரெண்டு குடிச்சுக்கோங்க, ஆனா பாலையும் கணக்குல எழுதுங்க. 'ஈரல் சுத்தப்படுத்தற' சூரணம், கஷாயம்னு வாட்ஸ்அப்ல வர்றத தொடாதீங்க, ஏற்கனவே குடிச்சிட்டிருந்தா மறைக்காம டாக்டர்கிட்ட காட்டுங்க.

பத்தியத்துல எடை குறைஞ்சு இன்சூரன்ஸ் கிளைம் போயிடுமான்னு ஒருத்தர் கேட்டிருக்கார். பாலிசிகள்ல பொதுவா பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவுன்னு காட்டற எண்) 40க்கு மேல, இல்லன்னா 35க்கு மேல இருந்து கூடவே இதய நோயோ, தூக்கத்துல மூச்சு நிக்கிற தீவிர பிரச்சனையோ, கட்டுக்குள்ள வராத சுகரோ இருக்கணும்னு போட்டிருப்பாங்க. நீங்க அந்த விளிம்புல இருந்தா, பத்தியம் தொடங்கறதுக்கு முன்னாடி எடுத்த எடை, உயரம், தேதியோட டாக்டர் கையெழுத்துல இருக்கான்னு பாத்துக்கோங்க, ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் டெஸ்க்ல முன்கூட்டியே கேட்டு வைங்க.

கடைசியா ஈரோட்டுலேர்ந்து ஒரு அம்மா, "புள்ளைங்க தட்டுல மிச்சம் வைக்கற அரை இட்லி வீணாப்போகுதேன்னு வாயில போட்டுக்கறேன், அதுவும் கணக்கா?"ன்னு கேட்டிருக்காங்க. கணக்குதான். ரெண்டு புள்ளைங்க, மூணு வேளை, ஒரு நாளைக்கு மூணு இட்லி ஆச்சு. மொட்டமாடியில காக்காய்க்கு வச்சுருங்கம்மா.