சாப்பாடு ஆறுவதற்குள் ஒரு ஜெபம்

கேள்வி: எனக்கு 11 வயதில் மகன், 6 வயதில் மகள். மாமனார் மாமியாரோடு இருக்கிறோம். இரவு 9 மணிக்குக் குடும்ப ஜெபம். மாமா ஒரு அதிகாரம் வாசித்து, ஊழியங்கள், தேசம், சொந்தபந்தம் என்று எல்லாவற்றுக்கும் ஜெபித்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆகிவிடும். சின்னவள் என் மடியிலேயே தூங்கிவிடுகிறாள், பெரியவன் பரீட்சை என்று நழுவுகிறான். சாப்பிடும் நேரத்திலேயே பிள்ளைகளுக்குச் சுருக்கமாகச் சொல்லிக்கொடுக்கலாமா என்று கேட்டால், "வேதத்தை வைத்துக்கொண்டு சோறு தின்பதா" என்கிறார் மாமா.
- ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: மாமா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. குழம்புக் கையோடு வேதத்தைத் தொட்டால் பக்கம் ஒட்டிக்கொள்ளும். மற்றபடி பந்தி என்பது ஆண்டவருக்குப் புதிய இடமா என்ன? சகேயு வீட்டில் போய்த் தங்கினார், பெத்தானியாவில் பந்தியிருந்தார், உயிர்த்தெழுந்த பிறகும் கரையில் கரிநெருப்புப் போட்டு மீனை வைத்துக்கொண்டு "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்றுதானே கூப்பிட்டார். 1529-ல் மார்ட்டின் லூத்தர் எழுதிய சிறிய ஞானோபதேசம் என்கிற, விசுவாசத்தைக் கேள்வி பதிலாகக் கற்றுத்தரும் புத்தகத்திலும் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் சொல்ல ஜெபங்கள் இருக்கின்றன, அதுவும் குடும்பத் தலைவர் தன் வீட்டாருக்குக் கற்றுக்கொடுப்பதற்காகவே. முன் ஜெபத்தில் வருவது 145-ம் சங்கீதத்தின் 15, 16 வசனங்கள். "எல்லா ஜீவன்களின் கண்களும் உம்மை நோக்கிக்கொண்டிருக்கிறது" என்பதை ஆறு வயதுப் பிள்ளை ஒரே வாரத்தில் மனப்பாடம் பண்ணிவிடும். மாமாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், ஆனால் வாதம் பண்ணுகிற மாதிரி வேண்டாம்.

9 மணி ஜெபத்தை நிறுத்தச் சொல்லாதீர்கள். அது அவருடைய ஜெபம், பெரியவர்கள் உட்காருங்கள். பிள்ளைகளுக்கு இது தனி.

எங்கள் வீட்டில் அப்பா சாப்பாட்டுக்கு முன்னால் நீளமாக ஜெபிப்பார். எதிரே இட்லி ஆவி பறந்துகொண்டிருக்கும், நான் ஒரு கண்ணை லேசாகத் திறந்து ஆவி நின்றுவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன், இன்றைக்கு யோசித்தால் அந்த ஆவிதான் நினைவில் இருக்கிறது, அப்பா சொன்ன ஒரு வார்த்தையும் இல்லை. அதைவிட மோசம், "ஆண்டவரே, கணக்கில் 38 வாங்கியிருக்கிற இந்தப் பிள்ளைக்கு நல்ல புத்தியைத் தாரும்" என்பது. அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் இருமுவாள். திட்ட வேண்டுமென்றால் நேராகத் திட்டிவிடுங்கள், ஆண்டவரைச் சாட்சிக்குக் கூப்பிட்டுத் திட்டாதீர்கள்.

அதனால் சாப்பாட்டுக்கு முன்னால் இரண்டு வரி ஸ்தோத்திரம் போதும். சாப்பிட்டுக் கை கழுவி, எல்லாரும் எழுந்து போவதற்குள் மாற்கு சுவிசேஷத்தில் ஒரு பத்து வசனம். 16 அதிகாரம்தான், இரண்டரை மாதத்தில் முடிந்துவிடும். நம் வேதத் தமிழ் இந்தக் காலப் பிள்ளைகளுக்குக் கடினம், படகின் பின்பக்கத்தில் தூங்கினார் என்பதை "பின்னணியத்தில் நித்திரையாயிருந்தார்" என்றால் விழிப்பார்கள், அதனால் முதலில் வீட்டுப் பேச்சில் கதையைச் சொல்லிவிட்டு அப்புறம் வாசியுங்கள். பெரியவனையே வாசிக்க விடுங்கள், திக்கினால் திருத்திக்கொண்டே இருக்க வேண்டாம்.

வாசித்ததும் பாடம் நடத்தாமல் ஒரு கேள்வி கேளுங்கள். செத்துப்போன யவீருவின் மகளை இயேசு உயிரோடு எழுப்பியதும் அவளுக்குச் சாப்பிடக் கொடுக்கச் சொல்கிறார், இல்லையா? என்ன கொடுத்திருப்பார்கள் என்று என் பேரப்பிள்ளைகளிடம் கேட்டேன். பேத்தி "தயிர் சாதம்" என்றாள். பேரன் விடவில்லை, "அவளுக்கு 12 வயசு தாத்தா, புரோட்டா கேட்டிருப்பா" என்றான். செத்துப் பிழைத்த பிள்ளைக்குப் பசிக்கும் என்று ஆண்டவருக்குத் தோன்றியிருக்கிறதே என்று அப்புறம் பேத்தியே சொன்னாள். நான் 40 வருடமாக அந்த அதிகாரத்தை வாசித்தும் அந்த இடத்தில் நின்றதில்லை.

வாரத்தில் ஒரு நாள் மாமா தன் கதையைச் சொல்லட்டும். எந்தக் கஷ்டத்தில் எப்படி ஜெபித்தார், என்ன நடந்தது, என்ன நடக்கவில்லை என்று. பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள் என்றால் அவர் தானாகவே பந்திக்கு வந்துவிடுவார்.

கேள்வி: ஆச்சிக்காக நாங்கள் எல்லாரும் ஜெபித்தோமே, ஏன் செத்துப்போனாங்க என்று சாப்பிடும்போது மகள் கேட்டாள். என்ன சொல்வது?
- ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: தெரியவில்லை என்று சொல்லுங்கள். ஆண்டவருக்கு ஆச்சி தேவைப்பட்டார்கள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், நாளைக்கு அம்மாவும் தேவைப்படுவாளோ என்று பிள்ளை பயந்துவிடும். நண்பன் லாசரு செத்தபோது "இயேசு கண்ணீர் விட்டார்" என்று யோவான் 11:35-ல் இருக்கிறது, எழுப்பப்போகிறவரே அழுதார். உங்களுக்கு அழுகை வந்தால் பிள்ளையோடு சேர்ந்து அழுதுவிடுங்கள், சோறு ஆறினால் பரவாயில்லை.

கேள்வி: கணவர் கப்பலில் வேலை செய்கிறார். ஆண்பிள்ளை இல்லாத வீட்டில் நானே ஜெபம் நடத்தலாமா?
- ஒரு வாசகி, மணப்பாடு

பதில்: பவுலோடு ஊழியம் செய்த தீமோத்தேயுவின் தகப்பன் கிரேக்கன். அவனுக்கு விசுவாசம் வந்தது பாட்டி லோவிசாளிடமிருந்தும் அம்மா ஐனிக்கேயாளிடமிருந்தும் என்று பவுலே எழுதுகிறார். நடத்துங்கள். அவருக்கு சிக்னல் கிடைக்கிற நாளில் வீடியோ காலில் அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஜெபம் முடிந்ததும் போனைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் பாத்திரம் கழுவப் போகலாம்.