ராஜா குளத்தில் குதிக்கணுமா? முதலில் கரையேறக் கற்றுக்கொடுங்கள்

டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார். வீட்டில் மூன்று வயது லாப்ரடார், பெயர் ராஜா. அணைக்கட்டுக்குக் கூட்டிப்போனால் கரையிலிருந்து இறங்கி நன்றாக நீந்துகிறான். வீட்டு நீச்சல் குளத்தில் மட்டும் விளிம்புவரை ஓடிவந்து, சடக்கென்று நின்று, குரைத்துவிட்டுத் திரும்பிவிடுகிறான். “தூக்கிப் போடு, தானாகப் பழகிடும்” என்கிறாராம் தம்பி. போடலாமா?

போடவே போடாதீர்கள் அக்கா. தூக்கிப் போட்டால் நாய் நீந்தும், உண்மைதான், உயிர் பயத்தில் நீந்தும். அடுத்த நாள் குளத்துப் பக்கமே வராது, தூக்கிப் போட்ட ஆள் கிட்டே வந்தாலும் ஒதுங்கிப் போகும்.

ராஜாவுக்குத் தண்ணீர் பயம் இல்லை. அணைக்கட்டில் கரை சரிவாக இருக்கிறது, காலுக்குக் கீழே மண் இருக்கிறது, ஆழம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வருகிறது, திரும்பினால் அதே வழியில் ஏறிவிடலாம். குளத்தின் விளிம்பில் நின்று பார்த்தால் வெயிலில் பளபளக்கும் மேல்பரப்புதான் தெரிகிறது, கால் வைக்க இடம் இல்லை, எப்படி வெளியே வருவது என்றும் தெரியாது. அவன் தயங்குவது நியாயம் என்றுதான் நான் சொல்வேன். குளத்தில் தவறி விழும் நாய்கள் பல, படிக்கட்டு மறுமூலையில் இருந்தும், விழுந்த இடத்துச் சுவரையே பிராண்டிப் பிராண்டிக் களைத்து மூழ்கிப் போகின்றன. நீந்தத் தெரிந்த நாய்களும்தான்.

அதனால் குதிப்பதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். படிக்கட்டுப் பக்கம் ஒரு பெரிய பூந்தொட்டியோ கொடியில் தொங்கும் துண்டோ, தூரத்திலிருந்தே கண்ணில் படுகிற மாதிரி ஒரு அடையாளம் வையுங்கள். மேலே கைப்பிடி உள்ள நாய் லைஃப் ஜாக்கெட் ஒன்று போட்டு, நீங்கள் முதலில் தண்ணீருக்குள் இறங்கி, அவித்த கோழித் துண்டைக் காட்டி, படி வழியாகவே அவனைக் கூப்பிடுங்கள். ஒரு படி இறங்கினால் ஒரு துண்டு. கால் தரையை விட்டதும் முன்னங்கால்களால் தண்ணீரை அடிப்பான், பின்பக்கம் தாழ்ந்து போகும். அப்போது வயிற்றுக்கடியில் கை கொடுத்தால் உடம்பு நேராகிவிடும். உடனே படியை நோக்கித் திருப்பி விடுங்கள், ஏறட்டும், பாராட்டுங்கள். அப்புறம் குளத்தின் நாலு பக்கத்திலிருந்தும் இதையே செய்யுங்கள். எங்கே விட்டாலும் தலையைத் திருப்பிப் படியைத் தேடிப் போகிறான் என்றால் பாதி வேலை முடிந்தது. ஒரு நாளைக்கு ஐந்து, பத்து நிமிஷம் போதும்.

டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸில் நான் பழக்கிய ஒரு ஸ்டாஃபி (ஸ்டாஃபோர்ட்ஷயர் புல் டெரியர்) நினைவுக்கு வருகிறாள். அகன்ற நெஞ்சு, கனத்த உடம்பு, தண்ணீரில் சட்டென்று தாழ்ந்துவிடும் ஜாதி. இரண்டாவது படியில் நின்று ஒரு முன்னங்காலைத் தூக்குவாள், உதட்டை நக்குவாள், முகத்தைத் திருப்பிக்கொள்வாள், உடம்பின் பாரம் முழுக்கப் பின்னங்காலில் இருக்கும். இந்த நாலும் சேர்ந்து தெரிந்தால் “இன்றைக்கு இவ்வளவுதான்” என்று அர்த்தம். வற்புறுத்தாமல் வெளியே கூட்டி வந்துவிடுவேன். மூன்றாவது வாரம், நான் எதுவும் சொல்லாமலே, அதே படியிலிருந்து பொத்தென்று விழுந்து நீந்தினாள்.

குதிப்பும் அப்படித்தான் வரும். முதலில் நெஞ்சளவு தண்ணீரில் படியிலிருந்து ஒரு சின்னத் தாவல். பிறகு படிக்குப் பக்கத்து விளிம்பு. மிதக்கும் பொம்மையை ஒரு மீட்டருக்குள் போடுங்கள். தூரம் போட்டால் யோசிக்க ஆரம்பித்துவிடுவான். பின்னாலிருந்து ஒரு விரலால்கூடத் தள்ள வேண்டாம். விளிம்பு ஓடு வழுக்கினால் ரப்பர் பாய் போடுங்கள், பாயும்போது பின்னங்கால் சறுக்கிய நாய் அதை லேசில் மறக்காது.

முன்பெல்லாம் குதித்த நாய் திடீரென்று மறுத்தால் அது பயம்தான் என்று நினைத்துவிடாதீர்கள், இடுப்பிலோ முழங்காலிலோ வலி இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள். முகம் சப்பையான பக், புல்டாக் வகைகளையும், முதுகு நீண்ட டாக்ஸ்ஹண்டையும் குதிக்கவே பழக்காதீர்கள். படியேறி வரத் தெரிந்தால் போதும்.

குதிக்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் வேறு ஒரு ஆபத்து. வாயைத் திறந்தபடி திரும்பத் திரும்பப் பந்தைக் கவ்வும் நாய் ஏராளமாகத் தண்ணீர் விழுங்கும், ரத்தத்தில் உப்பு குறைந்துவிடும். தள்ளாட்டம், வாந்தி, வயிறு உப்பல், கண் மங்கிப்போவது, இதில் எது தெரிந்தாலும் காலை வரைக்கும் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். பந்துக்குப் பதில் தட்டையான பொம்மை கொடுத்தால் வாய் அவ்வளவு திறக்காது. நடுநடுவே வெளியே கூப்பிட்டு ஓய்வு கொடுங்கள்.

அணைக்கட்டுக்குப் போவதிலும் ஒரு வார்த்தை. நம் குவாசூலு-நட்டாலில் தாழ்வான பகுதி ஆறு, அணைகளில் பில்ஹார்சியா, அதாவது தண்ணீரிலிருந்து தோல் வழியாக உடம்புக்குள் போகும் புழு நோய், உண்டு, அவனோடு சேர்ந்து நீங்களும் பிள்ளைகளும் இறங்காதீர்கள். தண்ணீரின் மேல் பச்சைச் சாயம் ஊற்றிய மாதிரி பாசி படர்ந்திருந்தால் ராஜாவையும் விடாதீர்கள். அந்தப் பாசியில் சில வகை நாயைச் சில மணி நேரத்திலேயே கொன்றுவிடும்.

குளித்து முடிந்ததும் குழாய்த் தண்ணீரில் குளோரினைக் கழுவி, தொங்கும் காதைத் தூக்கி உள்பக்கம் துடைத்துவிடுங்கள், லாப்ரடாருக்குக் காதில் சீழ் பிடிப்பது சகஜம். நம் ஊரில் குளிர்காலமான ஜூன், ஜூலையில் ஆரம்பிக்க வேண்டாம், குளிர்ந்த தண்ணீரில் கிடைக்கும் முதல் அனுபவம் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். அக்டோபர் கடைசியில் குளத்துத் தண்ணீர் கொஞ்சம் சூடேறியதும் தொடங்குங்கள். தம்பிக்கும் ஒரு வேலை கொடுங்கள் அக்கா: கோழித் துண்டுக் கிண்ணத்தோடு அவர் படியில் உட்காரட்டும்.