“ஏன் சார்?” – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். ஓய்வு பெற்ற பிறகு எங்கள் ஊர் நூலகத்தில் ஞாயிறுதோறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு வினாடி வினா நடத்துகிறேன். சென்ற வாரத் தலைப்பு ‘இரண்டாம் உலகப் போர்த் தலைவர்கள்’. நான் எழுதிக்கொண்டு போன கேள்விகளில் சில: அமைதிக்கான நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்ட சர்வாதிகாரி யார்? (ஹிட்லர்.) இத்தாலியில் ரயில்களை நேரத்துக்கு ஓட வைத்தவர்? (முசோலினி.) “சாதாரணச் சிப்பாய்க்காக ஃபீல்டு மார்ஷலைக் கொடுக்க மாட்டேன்” என்று பெற்ற மகனையே கைவிட்டவர்? (ஸ்டாலின்.) ஹிட்லரின் இயற்பெயர்? (ஷிக்கெல்குரூபர்.)

பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி முதல் கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னாள். சொல்லிவிட்டு, “அவரைப் போய் யார் சார் பரிந்துரைத்தது? ஏன் சார்?” என்றாள். எனக்குத் தெரியவில்லை. “அடுத்த கேள்விக்குப் போகலாம்மா” என்று சமாளித்தேன். ஒரு வாரமாக உறுத்துகிறது. இந்த மாதிரித் துணுக்குகளால் பிள்ளைகளுக்கு ஏதாவது பயன் உண்டா? பேசாமல் நிறுத்திவிடலாமா?

எஸ்.ஆர்.

அன்புள்ள எஸ்.ஆர்.,

நிறுத்த வேண்டாம். அந்தப் பெண் கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டுத் தொடருங்கள். நல்ல பதில் இருக்கிறது.

பரிந்துரைத்தவர் எரிக் பிராண்ட். ஸ்வீடன் நாடாளுமன்ற உறுப்பினர், சமூக ஜனநாயகக் கட்சிக்காரர், பாசிசத்தை எதிர்த்தவர். 1938 செப்டம்பரில் மியூனிக்கில் செக்கோஸ்லோவாக்கியாவின் ஒரு பகுதியை ஹிட்லருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு, ‘அமைதி வந்துவிட்டது’ என்று லண்டன் திரும்பினார் பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லேன். அவருக்கு நோபல் தர வேண்டும் என்று ஸ்வீடன் எம்.பி.க்கள் பன்னிரண்டு பேர் பரிந்துரைத்தார்கள். பிராண்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாங்கியவரை விட்டுவிட்டுக் கொடுத்தவருக்கு மட்டும் ஏன் பரிசு என்கிற நக்கலில், 1939 ஜனவரி 27 அன்று ஹிட்லரைப் பரிந்துரைத்துக் கடிதம் எழுதினார். ஹிட்லருடைய சமாதானப் பற்றை அவர் எழுதிய ‘மைன் காம்ஃப்’ நூலிலேயே காணலாம் என்றும் அதில் சேர்த்தார். நக்கல் ஒருவருக்கும் புரியவில்லை. நாலா பக்கமும் வசவு. பிப்ரவரி 1 அன்று கடிதத்தைத் திரும்பப் பெற்றார். மொத்தம் ஐந்து நாள் கூத்து. ஆனால் நோபல் ஆவணத்தில் ஏறிவிட்டதே, அது இறங்கவில்லை. இன்றுவரை வாட்ஸ்அப்பில் ஓடிக்கொண்டிருக்கிறது.

பரிந்துரை என்பது பெரிய தகுதியும் இல்லை. எந்த நாட்டு நாடாளுமன்ற உறுப்பினரும் பரிந்துரைக்கலாம். சில துறைப் பேராசிரியர்களும் பரிந்துரைக்கலாம். அப்படித்தான் ஸ்டாலின் பெயரும் முசோலினி பெயரும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

இதற்கு ஒரு பின்கதை உண்டு. எனக்கு அதுதான் முக்கியம். ஜெர்மானியர் எவரும் நோபல் வாங்கக் கூடாது என்று தடை போட்டவரே ஹிட்லர்தான். கார்ல் ஃபான் ஒசியட்ஸ்கி என்ற பத்திரிகையாளர், முதல் உலகப் போருக்குப் பின் போட்ட ஒப்பந்தத்தை மீறி ஜெர்மனி ரகசியமாக விமானப்படை கட்டுவதை வெளியிட்டவர். 1933இல் நாஜிகள் அவரைப் பிடித்து வதைமுகாமில் போட்டார்கள். 1935ஆம் ஆண்டுக்கான அமைதிப் பரிசு 1936இல் அவருக்கு அறிவிக்கப்பட்டது. போய் வாங்க விடவில்லை. 1938 மே மாதம் காசநோயில், போலீஸ் காவலிலேயே இறந்தார். அந்தப் பரிசால் வந்த ஆத்திரத்தில் போட்ட தடைதான் 1937 ஜனவரி ஆணை.

அப்புறம் 1939இல் மருத்துவ நோபல் கெர்ஹார்ட் தோமாக்குக்கு அறிவிக்கப்பட்டது. பாக்டீரியாத் தொற்றுக்குப் பிரான்டோசில் என்ற சல்ஃபா மருந்தைக் கண்டறிந்தவர். மனிதர் வெள்ளந்தியாக நன்றி தெரிவித்துப் பதில் எழுதினார். நாஜிகளின் ரகசியப் போலீஸான கெஸ்டபோ வந்து அழைத்துப் போய் ஒரு வாரம் உள்ளே வைத்து, பரிசு வேண்டாம் என்று எழுதி வாங்கியது. 1947இல்தான் பதக்கமும் பட்டயமும் கைக்கு வந்தன. பரிசுப் பணம் கெடு தாண்டிப் போய்விட்டது, கிடைக்கவில்லை.

பார்த்தீர்களா, உங்கள் கேள்வி ஒரு வரிதான். ஆனால் “ஏன் சார்?” என்று இழுத்தால் ஒரு நாட்டின் சிறை, போலீஸ், ஆய்வுக்கூடம் எல்லாம் பின்னாலேயே வருகின்றன. இப்படி எதுவும் பின்னால் வராத துணுக்கு எனக்குப் பிடிப்பதில்லை. ஹிட்லர் மரக்கறி சாப்பிட்டார், நாயைக் கொஞ்சினார் வகையறா. திரும்பத் திரும்பக் கேட்டால் அந்த ஆள் பக்கத்துத் தெருவில் இருக்கும் கிறுக்குப் பெரியப்பா மாதிரி ஆகிவிடுகிறார். (எங்கள் காலத்துப் பத்திரிகைகளில் பக்கத்தின் அடியில் இடம் மிஞ்சினால் துணுக்கு போடுவார்கள். இப்போது முழுப் பக்கமும் அடிப்பக்கம்தான்.)

முசோலினியின் ரயில் பெரிய விஷயமில்லை. முதல் உலகப் போரில் நொறுங்கிய இருப்புப்பாதைகளைச் சீர்செய்யும் வேலை அவர் பதவிக்கு வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. வெளிநாட்டுப் பயணிகள் ஏறுகிற பெரிய வண்டிகள் ஒழுங்காக வந்தன, அவர்கள் ஊருக்குப் போய்ப் புகழ்ந்தார்கள். நம் ஊரிலும் 1975 நெருக்கடி நிலையின்போது இதே ரயில் பேச்சுதான் ஓடியது. ரயிலைப் பற்றித்தான் கேட்க வேண்டும் என்றால் இப்படிக் கேளுங்கள்: 1922 அக்டோபரில் கருஞ்சட்டைப் படை ரோமை நோக்கி அணிவகுத்ததே, அப்போது அதன் தலைவர் முசோலினி எங்கே இருந்தார்? மிலானில். மன்னரிடமிருந்து அழைப்பு வந்தபின் இரவு ரயிலில் தூங்கும் பெட்டியில் படுத்துக்கொண்டு, 30ஆம் தேதி காலை ரோமில் வந்து இறங்கினார்.

ஸ்டாலினின் மகன் யாகோவ் விஷயத்தில் அந்தச் சிப்பாய்–மார்ஷல் வசனத்தை எடுத்துவிடுங்கள், சினிமாத்தனமாக இருக்கிறது. ஜெர்மானியர் யாகோவை மாற்றிக்கொள்ளக் கேட்டதாகவும், அவர்களோடு பேரம் பேச மறுத்ததாகவும் தந்தை தன்னிடம் சொன்னதை மகள் ஸ்வெத்லானா எழுதியிருக்கிறார். அது போதும். ஆனால் நீங்கள் கேட்க வேண்டியது யாகோவின் மனைவியைப் பற்றி. யாகோவ் 1941 ஜூலையில் பிடிபட்டார். ஆகஸ்டில், சரணடையும் அதிகாரிகளின் குடும்பத்தாரைக் கைது செய்யலாம் என்று 270ஆம் எண் ஆணை வந்தது. அதன்பின் யாகோவின் மனைவி யூலியா கைதானார். ஸ்டாலினின் சொந்த மருமகள். 1943 வரை சிறை. அந்த ஏப்ரலில்தான் யாகோவ் ஜாக்சன்ஹவுசன் முகாமில் இறந்தார்.

ஸ்டாலின் என்றதும் நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த துணுக்கு ஒன்று உண்டு. 1953 மார்ச் 1 அன்று மு. கருணாநிதிக்கு மகன் பிறந்தார், 5ஆம் தேதி சோவியத் தலைவர் இறந்தார், அதையொட்டி அந்தப் பெயர் வைக்கப்பட்டது. சரி, அந்த மார்ச் 1ஆம் தேதி பெயருக்கு உரியவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்டுப் பாருங்கள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மாஸ்கோவுக்கு வெளியே ஸ்டாலினின் குன்ட்செவோ மாளிகை. விடியற்காலை வரை பெரியா, மாலென்கோவ், குருஷ்சேவ், புல்கானின் என்ற நெருங்கிய சகாக்கள் நால்வரோடும் விருந்து. பகல் முழுக்க அறைக்கதவு திறக்கவில்லை. கூப்பிடாமல் உள்ளே போகக் கூடாது என்பது உத்தரவு, அதனால் காவலர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாலையில் உள்ளே விளக்கு எரிந்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது. அப்புறமும் சத்தமில்லை. இரவு பத்து மணி தாண்டி, தபால் வந்ததைச் சாக்காக வைத்து ஒருவர் உள்ளே போனார். தலைவர் தரையில் கிடந்தார். உடை நனைந்திருந்தது. பேச்சு வரவில்லை.

காவலர்கள் மருத்துவருக்கு நேரே சொல்லவில்லை, மேலிடத்துக்குத்தான் சொன்னார்கள். நள்ளிரவுக்குப் பின் பெரியாவும் மாலென்கோவும் வந்தார்கள். மாலென்கோவின் புது ஷூ கீச்சிட்டதால் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தார் என்று காவலர்கள் பிறகு சொன்னார்கள். “தூங்குகிறார், ஏன் கலவரப்படுத்துகிறீர்கள்” என்று அதட்டிவிட்டுப் போனார் பெரியா. மருத்துவர்கள் வந்தது மார்ச் 2 காலை.

வந்தவர்கள் புதியவர்கள். அவருடைய சொந்த மருத்துவர் வினோக்ரதோவ் சில மாதங்களாகச் சிறையில். தலைவர்களைக் கொல்ல டாக்டர்கள், பெரும்பாலும் யூதர்கள், சதி செய்தார்கள் என்று ஜனவரியில் கட்சிப் பத்திரிகையான ‘பிராவ்தா’ அறிவித்திருந்தது. அந்த வழக்கில் சிறையில் இருந்த யாகோவ் ராப்போபோர்ட் என்ற மருத்துவர் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்: விசாரணை அதிகாரி ஒருநாள் சம்பந்தமே இல்லாமல், ‘செய்ன்–ஸ்டோக்ஸ் மூச்சு’ என்றால் என்ன என்று கேட்டாராம். அது மரணத்துக்கு முன் வருகிற மூச்சு. அப்படி ஒருவர் இருந்தால் யாரைக் கூப்பிடலாம் என்று அடுத்த கேள்வி. நல்ல நிபுணர்களின் பெயர்களைச் சொன்னார். எல்லோரும் சிறையில்தான் இருந்தார்கள்.

பி.கு.: ஷிக்கெல்குரூபர் கேள்வியை அடித்துவிடுங்கள். அது ஹிட்லரின் தந்தை அலோய்ஸ் இளமையில் வைத்திருந்த பெயர், அவருடைய தாய்வழி. 1876–77இல் அவர் ஹிட்லர் என்று மாற்றிக்கொண்டார். மகன் பிறந்தது 1889இல், ஹிட்லராகத்தான். போர்க்காலத்தில் எதிரணியினர் கேலிக்காகப் பிடித்துக்கொண்ட பெயர் அது. அந்த இடத்தில் தோமாக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.